பை தெளிவாகத்தான் இருந்தது

போன வாரம் ஷ்வேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண். ஊர் ஹாசன் பக்கம், தாய்மொழி கன்னடம். ஆனால் தமிழ் நோயாளிகளோடு பழகிப் பழகி இப்போது என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறாள். வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு விசாரிப்பது எங்கள் பிரிவின் வழக்கம். அப்போது கேட்கிற கேள்விகளில் ஒன்றை எடுத்துவிடலாமா என்று அவளுக்கு யோசனை.

"மூத்திரமே வராதவங்ககிட்டப் போய், கீழே ஏதாவது கசியுதா, நாத்தம் வருதான்னு கேக்கச் சொல்லி வெச்சிருக்கீங்க பிரதர். ஆம்பளைங்க சிரிக்கிறாங்க. பொம்பளைங்க போனையே வெச்சுடுறாங்க. எதுக்கு இந்தக் கேள்வி?"

எடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுத நேரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆஸ்டின் டவுனில் அப்பா விட்டுப்போன வீடு. கீழே ஒரு ஜெராக்ஸ் கடை, மேலே நான். மனைவி நான் வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலையில் இருந்தபோது குளிக்கப் போனால்கூடப் போன் அடிக்கும், சோற்றில் கை வைத்தால் அடிக்கும், அப்போதெல்லாம் அதைத் தூக்கி எறியலாமா என்று வரும். இப்போது நாள் முழுக்க மேஜைமேல் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. எறிந்துவிடுவேனோ என்று பயந்துவிட்டது போல.

நர்சிங் படித்தது, பிரதர் என்று கூப்பிட்டாலும் ஆண் நர்ஸ் என்றால் கட்டில் தள்ளுகிறவன் என்று நினைத்தவர்களிடம் பட்டது, வார்டு வார்டாகச் சுற்றியது எல்லாம் எல்லோரிடமும் இருக்கிற கதைதான், விட்டுவிடுகிறேன். வசுந்தரா மேடம் என்னை அவருடைய சிறுநீரகப் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் என் உத்தியோகம் என்று ஒன்று ஆரம்பித்தது.

ஷ்வேதாவுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் கெட்டவரின் வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். அதன் வழியாக ஒரு பை நிறையத் திரவத்தை வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் அது உள்ளே கிடந்து ரத்தத்தின் அழுக்கை வாங்கிக்கொள்ளும். பிறகு அதைக் காலிப் பையில் வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு முறை, உயிர் இருக்கும்வரை. ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் படுக்க வேண்டியதில்லை, வேலைக்குப் போகலாம். ஆனால் கிருமி உள்ளே போய்விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து, ஃபேனை நிறுத்து, மாஸ்க் போடு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவு, முடியும்வரை ஒருத்தரையும் உள்ளே விடாதே. இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் சம்பளம். கறாராகச் சொல்லிக்கொடுப்பேன். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைக்கும், இன்னொரு மனிதனைத் தனியாக உட்காரப் பழக்கிவிட்டு வருகிறோமே என்று.

எங்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு: பை தெளிவாக இருக்கிறதா? வடிந்து வந்த பையை ஒரு செய்தித்தாள்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். திரவத்தின் வழியாக எழுத்தைப் படிக்க முடிந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. எழுத்து மங்கினால் கிருமி, உடனே ஓடி வா. காய்ச்சல் என்று யார் போன் செய்தாலும் எங்கள் வாயில் முதலில் வருவது, எழுத்து தெரிகிறதா என்பதுதான். தெரிகிறது என்றால் பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

முனிரத்தினம் இந்தப் பரிசோதனையை விளையாட்டாக்கி வைத்திருந்தார். ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஐம்பதை நெருங்குகிற வயசு. அங்கேயே ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார். மனைவி செல்வி ஊத்தங்கரையில் அங்கன்வாடி வேலையையும் படுத்த படுக்கையான அம்மாவையும் விட்டுவிட்டு வர முடியாமல் அங்கேயே இருந்தாள். நான் போன் செய்தால் இவர் ராசிபலன் பக்கத்தின்மேல் பையை வைத்துப் படிப்பார்.

"எழுத்து சூப்பரா தெரியுது பிரதர். எனக்கு இன்னிக்கு திடீர் பயணமாம். இந்த ரூம்ல இருந்து பாத்ரூமுக்குப் போறதைச் சொல்றான் போல."

அவர் அறைக்கு நான் சில தடவை போயிருக்கிறேன். மருந்துப் பைகள் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் சுவரை மறைத்து நிற்கும். அவற்றுக்கு நடுவில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, திரவப் பையைத் தொங்கவிட ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி. வெளியே தெருவில் ஷிஃப்ட் முடிந்து போகிற பையன்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு போவார்கள். இவர் மாஸ்க்கோடு, நின்றுபோன ஃபேனுக்குக் கீழே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒருநாள்தான் மூத்திரம் நின்றுபோனதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆரம்பத்தில் இந்த நோயாளிகளுக்குக் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கும். அது வரும்வரை தண்ணீர் குடிக்கக் கொஞ்சம் கை தாராளம். நாளாக நாளாகக் குறைந்து நின்றுவிடும். அதன் பிறகு தாகம் எடுத்தால் ஐஸ்கட்டியை வாயில் போட்டு ஏமாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கால் வீங்கும், மூச்சு வாங்கும் என்று பயம். முனிரத்தினத்துக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்டது.

"டீ டைம்ல எல்லாரும் பாத்ரூம் போவாங்க பிரதர். நானும் போவேன். வரிசையில நின்னுட்டு, ஜிப்பைப் போட்டுக்கிட்டு வந்துடுவேன். போகலைன்னா ஏன்னு கேப்பாங்க. அப்புறம் பரிதாபமாப் பார்ப்பாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவரிடமிருந்து போன். குளிர் காய்ச்சல், இரண்டு நாளாக விட்டு விட்டு வருகிறது என்றார். நான் வழக்கம்போல எழுத்து தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். ராசிபலனைச் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கிளம்பி வாங்க என்று சொல்லி, வந்ததும் சேர்த்தோம்.

வசுந்தரா மேடத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குள்ளமான உருவம், பெரிய குரல். தாய்மொழி கன்னடம். தமிழ் நோயாளியிடம் தமிழில்தான் பேசுவார். அந்தத் தமிழைக் கேட்டு யாரும் சிரித்துவிடக் கூடாது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் முழங்கை வரை கை கழுவுவார். அந்த நேரத்தில் அவரோடு யாரும் பேசக் கூடாது. ஒருமுறை ஒரு ஜூனியர் டாக்டர் ரிப்போர்ட் படிக்க ஆரம்பித்தபோது, குழாயை மூடாமலேயே திரும்பிப் பார்த்தார். அந்தப் பையன் அதோடு வாயைத் திறக்கவில்லை. அவர் யோசிப்பதே அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார் என்றால் முடிவு தயார்.

முனிரத்தினத்தின் விஷயத்தில் அவர் பலமுறை கழுவியும் முடிவு வரவில்லை. வயிற்றுத் திரவத்தை லேபுக்கு அனுப்பினோம், கிருமியின் அடையாளமே இல்லை. குழாய் வெளியே வருகிற இடம் சுத்தமாக இருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. காய்ச்சலோ ஏறிக்கொண்டே போனது. பரிசோதனைகளில் மூத்திரம் என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டிருந்தார்கள். வராதவரிடம் எதைப் பிடித்து அனுப்புவது? அது எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்கிற தப்பு. கண் முழுக்க அந்த ஒரு பைமேலேயே இருந்தது. உடம்புக்குள் இன்னொரு பை இருப்பதை அத்தனை பேரும் மறந்திருந்தோம்.

ரவுண்ட்ஸ் வந்தபோது மேடம் அவர் காலைத் தூக்கிக் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"ஏனப்பா இது? இத்தனை வருஷத்தில உன் கால் இப்படி வீங்கி நான் பார்த்ததே இல்லே. யாரு தண்ணி குடிச்சது?"

முனிரத்தினம் சிரித்தார். காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தது, ஆனாலும் அந்தச் சிரிப்பில் ஒரு குழந்தைத்தனம். மேடம் அடிவயிற்றில் கை வைத்து வலிக்கிறதா என்று கேட்டார். லேசாக என்றார். முகம் சுருங்கியதைப் பார்த்தால் லேசான வலியாகத் தெரியவில்லை. மேடம் கை கழுவப் போனார்.

அந்த இடைவெளியில் முனிரத்தினம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் குனியச் சொன்னார்.

"பிரதர், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு மூத்திரம் வருது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். பத்து நாளாக வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாக, ஜட்டி நனைகிற அளவுக்கு. நிறம்தான் சரியில்லை, வாடையும் அடிக்கிறது, ரொம்ப நாள் அடைத்துக் கிடந்தது இல்லையா, போகப் போகச் சுத்தமாகிவிடும். செல்விக்கு மட்டும் சொன்னாராம். அவள் போனிலேயே அழுதுவிட்டாளாம். நல்லா வர்ற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே, கண் பட்டுவிடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாளாம். அதனால்தான் டாக்டர் பையன் யூரின் வருதா என்று கேட்டபோதுகூட இல்லை என்று தலையாட்டினாராம்.

"கிட்னி திரும்ப வேலை செய்யுது பிரதர். அதான் ஒரு நாள் தைரியமா ஒரு சொம்புத் தண்ணியை அண்ணாந்து குடிச்சேன். எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, தொண்டை நனையக் குடிச்சு?"

தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேடத்திடம் போனேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, அவர் கை கழுவும்போது பேசினேன். அவர் திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "அது மூத்திரம் இல்லே பாஸ்கர். சீழ்."

ஸ்கேன் அதையேதான் காட்டியது. உபயோகமே இல்லாமல் சுருங்கிக் கிடந்த சிறுநீர்ப்பை, உள்ளே கெட்டியாகத் தேங்கிய சீழ். மேடம் ஜூனியர்களை நிற்கவைத்துச் சொன்னார். மூத்திரம் ஓடுகிறவரைக்கும் அந்த இடத்தை அதுவே கழுவிக்கொண்டிருக்கும், நின்றுபோனால் கழுவ ஆளில்லை, ஒரு கிருமி போய் உட்கார்ந்தால் அதைத் தட்டிக் கேட்க யாரும் கிடையாது என்றார். யாரும் எட்டிப் பார்க்காத அறை என்று அவர் சொன்னபோது எனக்கு ஹெப்பகோடி அறைதான் ஞாபகம் வந்தது.

சிறுநீர்ப்பைக்குள் குழாய் விடுகிற வேலை எனக்கு. திரையை இழுத்துவிட்டு, சுத்தம் செய்து, மரத்துப்போக ஜெல் போட்டு, மெதுவாக உள்ளே தள்ளினேன். சில அங்குலம் போனதும் வாடைதான் முதலில் வந்தது. எத்தனையோ புண்களைப் பார்த்த மூக்கு என்னுடையது, அன்றைக்கு அதுவே பின்வாங்கியது. பிறகு கெட்டுப்போன தயிர் மாதிரி திட்டுத் திட்டாக இறங்கியது. முனிரத்தினம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் ஏதோ வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"வருதா பிரதர்?"

வருகிறது என்றேன்.

அன்று சாயங்காலமே ரத்த அழுத்தம் சரிந்து ஐசியுவுக்குப் போனார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. பிழைப்பாரா என்று மேடத்திடம் கேட்டேன். தெரியவில்லை என்று ஒரே வார்த்தையில் சொன்னார். ஊசி மருந்து ஒரு பக்கம், வயிற்று டயாலிசிஸ் ஒரு பக்கம், நடுவில் சலைன் விட்டுச் சிறுநீர்ப்பையைக் கழுவுகிற வேலை. மெல்ல உள்ளே விட வேண்டும், விட்ட அளவு திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும், அவசரப்பட்டால் சுருங்கின பை கிழியும். அதை வேறு யாரிடமும் நான் விடவில்லை. ட்யூட்டி முடிந்தாலும் போய் நின்றேன். வீட்டில்தான் யார் இருக்கிறார்கள்?

நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது, கண்ணில் தெளிவு வந்தது. மேடம் வார்டுக்கு மாற்றினார். மாற்றியதும் கட்டிலில் உட்கார்ந்தார், அதை அவர் யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை. வந்தது மூத்திரம் இல்லை, சீழ் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு தன்னுடைய அரைகுறைத் தமிழில் சொன்னார். முனிரத்தினம் கவனமாகக் கேட்டார். சரிங்க மேடம் என்றார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ இனிமே எப்பவும் வராதா?"

"வராது முனிரத்தினம்."

மேடம் எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அன்றைக்கு அவர் எந்த முடிவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் செல்வி வந்தாள். அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு பஸ் மாறி அத்திபெலே வழியாக வந்திருந்தாள். தேறிய பிறகு அவர் போனில் அவளிடம் சொன்னதெல்லாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், சரியாகிவிட்டது, பிரதர் கூடவே இருந்தார் என்பது மட்டும்தான். நான் அப்போதுதான் கழுவி முடித்திருந்தேன். கட்டில் ஓரத்தில் தொங்கிய பையில் கழுவின சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. லேசான மஞ்சள் நிறம். அவள் கட்டிலுக்கு வரும் முன்பே அந்தப் பையைப் பார்த்துவிட்டாள். அப்படியே நின்று, இரண்டு கையையும் சேர்த்து நெற்றிக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கோயில் சர்க்கரைப் பொங்கல். முதலில் என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்கண்ணா. நீங்கதான் கூடவே இருந்து பாத்தீங்களாம்."

நான் கையை நீட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை. முனிரத்தினத்தைப் பார்த்தேன். நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று அவர் கண் ஜாடை காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை. மனைவியைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

"அது என்னுது இல்ல செல்வி. இவரு உள்ள விட்டதுதான் வெளிய வருது."

பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொட்டலத்தை மூடினாள். மறுபடி திறந்தாள். ஒரு வாய் எடுத்து அவருக்கு ஊட்டிவிட்டு, என் கையிலும் வைத்தாள். அதை நான் சாப்பிட்டேன். அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் முழுங்கியதில்லை.

இவ்வளவுதான் ஷ்வேதா, அந்தக் கேள்வி வந்த கதை. மேடம் அந்த வாரமே அதைச் சேர்க்கச் சொன்னார். கேட்டால் சிரிக்கட்டும், போனை வைக்கட்டும், மறுபடி கூப்பிட்டுக் கேள். ஆமாம், வருகிறது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் அன்றைக்கே வரச் சொல். அது என்ன என்று மட்டும் போனில் சொல்லாதே. அவர்கள் ஒரு சாத்திய அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டுதான் உன் போனை எடுப்பார்கள். இங்கே வரட்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

வேலைக்கு உதவாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முனிரத்தினம் தேறி, கம்பெனிக்குத் திரும்பிப் போனார். சில மாதம் கழுவுவதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்து போனார். பிற்பாடு செல்வியோடு ஊத்தங்கரைக்கே போய்விட்டார். வந்து போன நாளில் ஒருநாள், வேலை முடிந்து கேன்டீனில் இருவரும் உட்கார்ந்தோம். நான் டீ குடித்தேன், அவர் எனக்கெதிரே ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தார். எழுந்து பாத்ரூம் பக்கம் நான் போனபோது அவரும் கூடவே வந்தார். எனக்குப் பக்கத்தில் வந்து வரிசையில் நின்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தச் சத்தம் அவர் காதில் விழுமே என்று அடக்கிக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீங்க போங்க பிரதர். நான் சும்மா துணைக்கு நிக்கிறேன்."

அன்றைக்கு எனக்கு வர வெகு நேரம் ஆயிற்று. அதுவரை அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.